பேர்ட்ஸ் குழுவில் பேஸ் வாசித்த கிறிஸ் ஹில்மனுக்குக் கன்ட்ரி ராக்கில் என்ன பங்கு?

உங்கள் கேள்வி சுருக்கமானது. "பேர்ட்ஸ் குழுவில் கிறிஸ் ஹில்மன் பேஸ்தானே வாசித்தார்? கன்ட்ரி ராக்கைக் கொண்டுவந்தவர் கிராம் பார்சன்ஸ் என்றுதான் எங்கும் படிக்கிறேன். ஹில்மனை ஏன் முன்னோடி என்கிறார்கள்?" பேர்ட்ஸ் அறுபதுகளின் அமெரிக்க ராக் குழு, பார்சன்ஸ் அதில் பின்னால் சேர்ந்த பாடகர். பேஸ் என்பது தாழ்ந்த சுரங்களுக்கான நான்கு கம்பி கிடார். அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியை ராக்கோடு கலந்ததுதான் கன்ட்ரி ராக். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 1965-க்கும் 1969-க்கும் நடுவே கலிஃபோர்னியாவில் யார் என்ன செய்தார்கள் என்பது ஒன்று. மற்றது நீங்கள் கேட்ட விதத்திலேயே இருக்கிறது: பின்னால் நின்று பேஸ் வாசிக்கிற ஒருவரால் ஒரு குழுவின் போக்கையே திருப்ப முடியுமா? முதல் கேள்விக்கு ஓரளவு நிதானமாகவும், இரண்டாவதற்குத் தயக்கமில்லாமலும் பதில் சொல்கிறேன்.

நான் பேஸ் வாசிப்பவன். மெல்லிசை மேடைகளிலும் ஸ்டுடியோவிலும் வாசித்திருக்கிறேன், இப்போது சிலருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஹில்மனின் பதிவுகளைக் காதால் கேட்டதோடு நிற்காமல் கையிலும் வாசித்துப் பார்த்திருக்கிறேன். 2020-இல் வந்த அவருடைய சுயசரிதையையும் படித்திருக்கிறேன். எது உறுதி, எது சந்தேகம் என்பதை முதலிலேயே பிரித்துவிடுவது நல்லது. இசைத்தட்டில் கேட்கிற ஒலி, அட்டையில் அச்சிட்ட பெயர், வெளியான தேதி, இவற்றில் சிக்கல் இல்லை. ஒரு பாட்டுக்கு இருவர் பெயர் போட்டிருக்கும்போது எந்த அடி யாருடையது என்பதுதான் சிக்கல். அதற்கு அந்த அறையில் இருந்தவர்களின் நினைவைத் தவிர வேறு சாட்சி கிடையாது. பார்சன்ஸ் 1973 செப்டம்பரில், 26 வயதில் இறந்துவிட்டார். ஹில்மன் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பேட்டி கொடுத்திருக்கிறார், புத்தகம் எழுதியிருக்கிறார். ஆக ஒரு தரப்பின் சாட்சியம்தான் நமக்கு விரிவாகக் கிடைக்கிறது. ஹில்மன் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வை மறந்துவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஹில்மன் பிறந்தது 1944 டிசம்பர் 4 அன்று லாஸ் ஏஞ்சலஸில். வளர்ந்தது சான் டியாகோவுக்கு வடக்கே ராஞ்சோ சாண்டா ஃபே என்ற சிற்றூரில். கல்லூரிக்குப் போன அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்டுப்புறப் பாடல் தட்டுகளில் ஆரம்பித்த ஆர்வம் சீக்கிரமே புளூகிராஸ் (மின்சாரமும் டிரம்ஸும் இல்லாமல் வேகமாக வாசிக்கும் கன்ட்ரி வகை) பக்கம் திரும்பி, மாண்டலினில் வந்து நின்றது. மாண்டலின் என்றால் நமக்கு ஸ்ரீனிவாஸ்தான் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது மின் மாண்டலின். புளூகிராஸ் மாண்டலினில் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக இருக்கும், மின்சாரம் கிடையாது. பள்ளி வயது முடியும்போதே ஹில்மன் ஸ்காட்ஸ்வில் ஸ்குவிரல் பார்க்கர்ஸ் என்ற சான் டியாகோ குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய ஆல்பம் 1963-இல் வந்தது. அடுத்து கோல்டன் ஸ்டேட் பாய்ஸ் என்ற குழுவில் வெர்ன் காஸ்டின், ரெக்ஸ் காஸ்டின் சகோதரர்களோடும், பாஞ்சோ வாசித்த டான் பார்ம்லியோடும் சேர்ந்தார். அந்த வெர்ன் காஸ்டின் பின்னாளில் கன்ட்ரி உலகத்தின் மிகச் சிறந்த குரல்களில் ஒருவராகப் பேரெடுத்தார். குழுவின் பெயரும் பிறகு "ஹில்மென்" என்று மாறியது. இருபது வயது நிரம்பாத மாண்டலின்காரரின் பெயரைக் குழுவுக்கு வைத்தார்கள் என்றால் அவருடைய கை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். இந்தப் பின்னணி உங்கள் கேள்விக்கு மிக முக்கியம். பார்சன்ஸைப் பார்ப்பதற்கு நான்கைந்து வருடம் முன்பே ஹில்மன் கன்ட்ரிக்காரர்களோடு கன்ட்ரி பாடி வளர்ந்தவர்.

1964 கடைசியில் ஜிம் டிக்சன் என்ற தயாரிப்பாளர் அவரைக் கூப்பிட்டார். ஜிம் மக்வின் (பின்னால் ரோஜர் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்), ஜீன் கிளார்க், டேவிட் கிராஸ்பி மூவரும் ஒரு மின் இசைக் குழு தொடங்குகிறார்கள், பேஸ் வாசிக்க ஆள் வேண்டும் என்றார். ஹில்மன் அதுவரை பேஸ் கிடாரைத் தொட்டது கூட இல்லை. வாசிப்பேன் என்று சொல்லிவிட்டார்.

இதை வெறும் துணிச்சல் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பேஸ் வாசிக்கிற எனக்கு இது அவ்வளவு தூரத் தாவலாகத் தெரியவில்லை. மாண்டலினின் நான்கு ஜோடிக் கம்பிகள் கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, ஈ. பேஸின் நான்கு கம்பிகள் கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி. அதே நான்கு சுரங்கள், தலைகீழ் வரிசையில். மாண்டலினில் அடுத்த கம்பிக்குப் போனால் ஐந்தாம் சுரம், பேஸில் நான்காம் சுரம். விரலுக்குப் பழக்கம் வேண்டும், ஆனால் மூளைக்கு வரைபடம் ஏற்கெனவே தெரியும். தாளத்திலும் இப்படித்தான். புளூகிராஸின் நான்கு தட்டுத் தாளத்தில் பேஸ் முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் விழும்: ச, ப, ச, ப என்று மாறி மாறி. இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் மாண்டலின்காரர் கம்பியை அடித்த உடனே விரலைத் தளர்த்தி ஒலியை அமுக்குவார். அதை "சாப்" என்பார்கள். டிரம்ஸ் இல்லாத குழுவில் தாளத்தின் ஒரு பாதி பேஸ், மறுபாதி மாண்டலின். ஹில்மன் வருடக்கணக்காக அந்த மறுபாதியைக் கையில் வைத்திருந்தவர். எந்த இடத்தில் பேஸ் வர வேண்டும் என்பது அவருக்கு மற்ற யாரையும் விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர் அந்த இடத்தைத்தான் தினமும் காலியாக விட்டுக்கொண்டிருந்தார். மாண்டலின் போலவே பேஸையும் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்தே வாசித்தார். அதனால்தான் பேர்ட்ஸ் பதிவுகளில் பேஸின் ஒவ்வொரு சுரமும் தெளிவாக வெட்டி விழுகிறது, அடிக்கடி மேலே ஏறி மெட்டாகவும் ஓடுகிறது.

ஆனால் பேர்ட்ஸின் முதல் வெற்றிப் பாட்டில் அந்த பேஸ் இல்லை. 1965 ஜனவரி 20 அன்று "மிஸ்டர் டாம்பரின் மேன்" பதிவானபோது நிறுவனத்தாருக்கு இந்தப் பையன்களின் கை மேல் நம்பிக்கை போதவில்லை. பேஸுக்கு லாரி நெக்டல், டிரம்ஸுக்கு ஹால் பிளேன் என்று தேர்ந்த ஸ்டுடியோ ஆட்களைக் கூப்பிட்டார்கள். குழுவிலிருந்து வாசித்தவர் பன்னிரண்டு கம்பி கிடாரோடு மக்வின் மட்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம் போன அந்தத் தட்டில் ஹில்மனின் ஒரு சுரம்கூட இல்லை. அடுத்து ஆல்பத்துக்காகப் பதிவு செய்தபோதுதான் குழுவே வாசித்தது. 1966 மார்ச்சில் வந்த "எய்ட் மைல்ஸ் ஹை" பாட்டைக் கேட்டால் அந்த ஒரு வருடத்தில் ஹில்மன் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பது புரியும். பாட்டு அவருடைய பேஸில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய சுற்றுப்பயணத்தில் அவர்கள் வண்டியில் திரும்பத் திரும்பக் கேட்டது ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் நம் ரவிசங்கரும். கோல்ட்ரேனின் தாக்கம் மக்வினின் கிடாரில் இருப்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரே உருவை விடாமல் உருட்டிக்கொண்டு, மேலே நடக்கிற எல்லாவற்றுக்கும் தம்புரா போல் ஆதாரம் பிடித்து நிற்கிற அந்த பேஸை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அது ரவிசங்கரைக் கேட்டதால் வந்தது என்று நிரூபிக்க முடியாது. என் காதுக்கு அப்படிப் படுகிறது, அவ்வளவுதான்.

முதல் இரண்டு வருடம் ஹில்மன் பாட்டு எழுதவும் இல்லை, தனியாகப் பாடவும் இல்லை. எழுதியவர் பெரும்பாலும் ஜீன் கிளார்க். இதில் பணக் கணக்கு ஒன்று இருக்கிறது, அது புரியாமல் அந்தக் குழுவின் சண்டைகள் புரியாது. அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட் எழுதியவர் பக்கம் போகும், வழக்கமாகப் பதிப்பாளர் அதில் பாதியை எடுத்துக்கொள்வார். தட்டின் பின்பக்கப் பாட்டுக்கும் முன்பக்கத்துக்குக் கிடைக்கிற அதே தொகைதான். "மிஸ்டர் டாம்பரின் மேன்" பின்பக்கத்தில் இருந்தது கிளார்க்கின் பாட்டு. அது வானொலியில் ஒலிக்கவே வேண்டியதில்லை, முன்பக்கம் விற்க விற்க அவருக்கும் பணம் வந்தது. வானொலி விஷயம் இன்னும் கடுமை: அமெரிக்காவில் வானொலி நிலையம் பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் கொடுக்க வேண்டும், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் சாதாரண வானொலியில் அதுதான் நிலை. ஒரே மேடை, ஒரே பயணம், ஆனால் ஒருவர் விலையுயர்ந்த கார் வாங்குகிறார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பொருமல் குழுவுக்குள் இருந்தது. 1966 தொடக்கத்தில் கிளார்க் விலகியதும் எழுத ஆள் இல்லாத வெற்றிடம் வந்தது.

அந்த வெற்றிடத்தில் ஹில்மன் எப்படி நுழைந்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். 1966-இல் தென்னாப்பிரிக்க டிரம்பெட் கலைஞர் ஹ்யூ மசகேலா, தன் நாட்டுப் பாடகி லெட்டா ம்புலுவுக்காக ஒரு பதிவு வைத்திருந்தார். பேஸ் வாசிக்க ஹில்மன் போனார். தன் குழுவில் வாயே திறக்காத அந்த இளைஞர், தனக்கு முன்பின் பழக்கமில்லாத ஆட்களோடும் தாளத்தோடும் உட்கார்ந்து வாசித்துவிட்டு, அந்த உற்சாகத்தில் வீட்டுக்கு வந்து தன் முதல் பாட்டை எழுதினார் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆப்பிரிக்க இசையின் தூண்டுதலில் எழுதிய அந்தப் பாட்டு, "டைம் பிட்வீன்", அச்சு அசலான கன்ட்ரிப் பாட்டாக வந்தது. கிடாருக்குத் தன் புளூகிராஸ் நாள் நண்பர் கிளாரன்ஸ் ஒயிட்டைக் கூப்பிட்டார். பிறகு "ஸோ யு வான்ட் டு பி அ ராக் அண்ட் ரோல் ஸ்டார்" பாட்டை மக்வினோடு சேர்ந்து எழுதியபோது மசகேலாவே வந்து டிரம்பெட் ஊதினார். 1967 பிப்ரவரியில் வெளியான "யங்கர் தேன் யெஸ்டர்டே" ஆல்பத்தில் ஹில்மன் தனியாக எழுதியவை நான்கு பாடல்கள். அவற்றில் இரண்டு தெளிவான கன்ட்ரி, இரண்டிலும் கிளாரன்ஸ் ஒயிட்டின் கிடார். அதற்கும் முன்னால், 1965 டிசம்பரில் வந்த இரண்டாவது ஆல்பத்திலேயே போர்ட்டர் வாகனர் பாடிப் புகழ்பெற்ற "சாட்டிஸ்ஃபைட் மைண்ட்" என்ற கன்ட்ரிப் பாட்டைக் குழு பாடியிருக்கிறது. அதைக் கொண்டுவந்தவரும் ஹில்மன்தான்.

பார்சன்ஸ் குழுவில் சேர்ந்தது 1968 பிப்ரவரியில். தேதிகளை அடுக்கினாலே உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மறுபாதிப் பதில் பார்சன்ஸுக்குச் சாதகமானது, அதையும் சொல்ல வேண்டும். 1967 அக்டோபரில் கிராஸ்பியை மக்வினும் ஹில்மனும் நேரில் போய் விலக்கினார்கள். சில மாதம் கழித்து பெவர்லி ஹில்ஸில் ஒரு வங்கியில் ஹில்மன் பார்சன்ஸைச் சந்தித்துக் குழுவுக்குக் கூட்டிவந்தார். மக்வின் அப்போது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க இசை முழுவதையும் சொல்லும் இரட்டை ஆல்பம் ஒன்றைத் திட்டமிட்டிருந்தார், பியானோ வாசிக்க ஆள் தேடினார். வந்தவரோ கன்ட்ரி பைத்தியம். ஹில்மனும் அவரும் ஒரு கட்சியாகச் சேர்ந்ததும் திட்டம் கவிழ்ந்தது. 1968 மார்ச்சில் குழு கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போய்ப் பதிவு செய்தது. அந்த ஆல்பம்தான் "ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ". அதில் ஹில்மன் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. புதிதாக எழுதிய இரண்டும் பார்சன்ஸுடையவை, அதில் ஒன்று பாப் புகானனோடு சேர்ந்து எழுதியது. ஆல்பம் முழுவதும் கன்ட்ரியாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் பார்சன்ஸிடம்தான் இருந்தது. ஹில்மன் அந்த மூன்று வருடத்தில் கன்ட்ரியை ஒன்றும் இரண்டுமாகத்தான் நுழைத்தார். குழுவை முழுக்க அந்தப் பக்கம் தள்ளும் வேகம் அவருடைய சுபாவத்தில் இல்லை.

அந்த நாஷ்வில் பதிவில் இன்னொன்றைக் கவனியுங்கள். டபுள் பேஸ் வாசிக்க ஜூனியர் ஹஸ்கியும், பெடல் ஸ்டீலுக்கு (படுக்கைவாக்கில் வைத்து வாசிக்கும் மின் கிடார்) லாயிட் கிரீனும் வந்தார்கள். ஹஸ்கி நின்ற பாட்டுகளில் ஹில்மன் தன் பேஸைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் மாண்டலினை எடுத்தார், "ஐ ஆம் எ பில்கிரிம்" பாட்டை முன்னால் வந்து பாடினார். மார்ச் 15 அன்று ரைமன் அரங்கத்தில் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியின் மேடை ஏறியபோது, நீண்ட முடியைப் பார்த்துக் கூட்டம் கேலி செய்தது. பட்டியலில் இருந்த, கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகர்டின் பாட்டை விட்டுவிட்டுப் பார்சன்ஸ் தன் சொந்தப் பாட்டைப் பாடியது அமைப்பாளர்களுக்கு அறவே பிடிக்கவில்லை. ஆகஸ்டில் வெளியான ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 77-ஐத் தாண்டவில்லை. ராக் ரசிகர்களுக்கு அது கன்ட்ரி, கன்ட்ரி ரசிகர்களுக்கு அது ஹிப்பிகளின் கூத்து. இன்று அதைக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் பிறகு பிறந்தவர்கள்.

பார்சன்ஸ் அந்தக் கோடையிலேயே பேர்ட்ஸை விட்டுப் போனார். மேலாளரோடு பணத் தகராறு முற்றி, இலையுதிர் காலத்தில் ஹில்மனும் போனார். இருவரும் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரே வீட்டில் தங்கி எழுதியவைதான் அவர்கள் தொடங்கிய புதுக் குழுவான ஃபிளையிங் பரீட்டோ பிரதர்ஸின் முதல் ஆல்பம், 1969-இல் வந்த "த கில்டட் பேலஸ் ஆஃப் சின்". 11 பாடல்களில் 6 இருவர் பெயரிலும் சேர்ந்து இருக்கின்றன. பேஸ் கிறிஸ் எத்ரிட்ஜிடம் போக, ஹில்மன் கிடாரும் மாண்டலினும் வாசித்துப் பார்சன்ஸுக்கு மேல் ஹார்மனி பாடினார். அதில் "சின் சிட்டி" என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்ததும் முதல் அடிகள் தனக்கு வந்ததாகவும், உடனே பார்சன்ஸை எழுப்பி அரை மணி நேரத்துக்குள் இருவரும் முடித்ததாகவும் ஹில்மன் சொல்கிறார். பாட்டில் வருகிற முப்பத்தொன்றாம் மாடியின் பொன்முலாம் கதவு, அவர்கள் பணத்தை இழக்கக் காரணமானவர் என்று அவர் கருதிய மேலாளரைக் குறிக்கிறது என்கிறார். அப்படியிருந்தும் உலகம் அதைப் பார்சன்ஸ் பாட்டு என்றே அழைக்கிறது. பாடகி எம்மிலூ ஹாரிஸ் 1975-இல் அதைப் பாடி நிலைநிறுத்தியபோதும், கேட்டவர்கள் நினைத்தது பார்சன்ஸைத்தான். அடிவாரியாகப் பிரிக்க முடியாது என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் இருவரும் பிரிந்த பிறகு தனித்தனியாக எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒன்று கேட்கிறது: கட்டுக்கோப்பான பல்லவி, புளூகிராஸில் பழகிய இரட்டைக் குரல் அமைப்பு இவை ஹில்மனிடம் கடைசி வரை இருந்தன. மனத்தைப் பிழிகிற அந்த நடுங்கும் குரலும் தைரியமான உருவகங்களும் பார்சன்ஸிடம் இருந்தன. இருவரும் சேர்ந்த அந்தச் சில மாதங்களில் வந்த தரம் இருவருக்குமே தனியாக அடிக்கடி வாய்க்கவில்லை.

ஆக என் முடிவு இது. கன்ட்ரியை பேர்ட்ஸுக்குள் முதலில் கொண்டுவந்தவர் ஹில்மன், இது தட்டுகளில் தேதியோடு பதிவாகியிருக்கிறது. அதை ஒரு கொள்கையாக்கி, உடையோடும் நடையோடும் வாழ்ந்து காட்டியவர் பார்சன்ஸ். கன்ட்ரி ராக்கைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கே ஒற்றைப் பதில் கிடையாது, அந்த வருடங்களில் அதே வேலையை வேறு பலரும் செய்துகொண்டிருந்தார்கள். பார்சன்ஸ் இளவயதில் இறந்ததால் கதை அவர் பக்கம் சாய்ந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஒத்திகைக்கு வராமல், மேடையில் நிலைதவறி நின்ற பார்சன்ஸை 1970-இல் குழுவிலிருந்து விலக்க வேண்டிவந்ததும் ஹில்மன்தான். எத்ரிட்ஜ் போனதால் அதற்குள் அவர் மறுபடியும் பேஸுக்குத் திரும்பியிருந்தார். அடுத்த வருடம் வாஷிங்டனில் ஒரு கிளப்பில் எம்மிலூ ஹாரிஸ் பாடக் கேட்டு, அவரைப் பற்றிப் பார்சன்ஸிடம் சொன்னதும் ஹில்மன். பார்சன்ஸின் தனி ஆல்பங்கள் இரண்டையும் தூக்கி நிறுத்துகிற அந்தப் பெண் குரல் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

எழுபதுகளை வேகமாகக் கடந்துவிடலாம். ஸ்டீஃபன் ஸ்டில்ஸோடு மனாசஸ் குழு (1972-இல் வந்த அந்த இரட்டை ஆல்பம் கேட்கத்தக்கது), சௌதர்-ஹில்மன்-ஃபியூரே என்ற குழு, இரண்டு தனி ஆல்பம், பிறகு மக்வினோடும் கிளார்க்கோடும் மறுபடியும் ஒரு கூட்டு. எல்லாவற்றிலும் நல்ல வாசிப்பு இருக்கிறது, ஹில்மனுக்கே உரிய குரல் குறைவாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளில் அவர் மறுபடி மாண்டலினையும் சாதாரண கிடாரையும் எடுத்து, ஷுகர் ஹில் நிறுவனத்துக்காக 1982-இலும் 1984-இலும் சிறிய செலவில் இரண்டு ஆல்பம் செய்தார். எனக்கு இது பெரிய முடிவாகத் தெரிகிறது. நட்சத்திரக் கூட்டணிகளை விட்டு, பதினேழு வயதில் வாசித்த இசைக்குப் போனார். அதிலிருந்து பழைய புளூகிராஸ் நண்பர் ஹெர்ப் பெடர்சனோடும் ஜான் ஜோர்கன்சனோடும் டெசர்ட் ரோஸ் பேண்ட் உருவானது. பேஸ் வாசித்தவர் பில் பிரைசன், பெடல் ஸ்டீல் ஜேடி மேனஸ், அதாவது "ஸ்வீட்ஹார்ட்" ஆல்பத்தின் லாஸ் ஏஞ்சலஸ் பதிவுகளில் வாசித்த அதே மேனஸ். முன்னால் நின்று பாடியவர் ஹில்மன், வயது நாற்பதுக்கு மேல். "ஒன் ஸ்டெப் ஃபார்வர்ட்" கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் இடம் வந்தது. 1988-இல் "ஹீ இஸ் பேக் அண்ட் ஐ ஆம் புளூ" முதலிடம், 1989-இல் "ஐ ஸ்டில் பிலீவ் இன் யூ" முதலிடம். முதலாவது மற்றவர்கள் எழுதியது, இரண்டாவது ஹில்மன் தன் கூட்டாளி ஸ்டீவ் ஹில்லோடு எழுதியது. இருபது வருடம் முன்பு ரைமனில் கேலி செய்யப்பட்டவர், அதே கன்ட்ரி வானொலியில் முதலிடம் வந்தார். அதையும் பக் ஓவன்ஸ் வழியில் வந்த கலிஃபோர்னியா ஓசையோடு, நாஷ்வில்லுக்கு வளைந்து கொடுக்காமல் செய்தார். பார்சன்ஸுக்கு வாழ்நாளில் கிடைக்காத வெற்றி இது. "முன்னோடி" என்பவர்கள் 1966-ஐ மட்டுமே சொல்லி இதை விட்டுவிடுகிறார்கள் என்பது என் குறை.

பேஸ்காரரால் முடியுமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கன்ட்ரி இசையில் பேஸ் பலருக்கு உள்ளே நுழையும் வாசலாக இருந்திருக்கிறது. வில்லி நெல்சன் 1961-இல் ரே பிரைஸ் குழுவில் சேர்ந்தது பேஸ் வாசிப்பாளராக, அவரும் அதற்கு முன் பேஸ் வாசித்தவர் இல்லை. மெர்ல் ஹேகர்ட் லாஸ் வேகஸில் வின் ஸ்டூவர்ட்டின் குழுவில் பேஸ் வாசித்திருக்கிறார். ச-ப நடையை நாலு நாளில் பிடித்துவிடலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்: பேஸ்காரர் ஒவ்வொரு பாட்டிலும் அடுத்த கார்டு எங்கே மாறும் என்பதை எல்லோருக்கும் அரை நொடி முன்னால் தயாராக வைத்திருக்க வேண்டும், பாடுகிறவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதை ஆயிரக்கணக்கான முறை செய்தவருக்குப் பாட்டின் எலும்புக்கூடு கையிலேயே பதிந்துவிடும். ஹில்மனின் பாட்டுகளில் வீண் கார்டு இல்லை, தேவையில்லாத சரணம் இல்லை. அது அந்தப் பயிற்சியில் வந்தது என்றே நினைக்கிறேன், நிரூபிக்க முடியாவிட்டாலும்.

சொல்லாற்றலுக்கு உதாரணம் வேண்டுமென்றால் மக்வினோடு எழுதி 1967-இல் வெளியான "ஓல்ட் ஜான் ராபர்ட்சன்". அவர் சிறுவயதில் ராஞ்சோ சாண்டா ஃபேயில் பார்த்த ஒரு முதியவரைப் பற்றியது. பெரிய தொப்பி வைத்துக்கொண்டு நடமாடிய அவரைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்களாம். அவர் மௌனப் பட காலத்தில் பெயர்பெற்ற இயக்குநர் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊரில் ஒரு மனிதரைக் காட்டி, சிரித்தவர்களின் வெட்கத்தைப் பாடுவது கன்ட்ரியின் ஆதார வேலை. பேர்ட்ஸ் அதை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். 2017-இல் ராக் பாடகர் டாம் பெட்டி தயாரித்த "பைடின் மை டைம்" ஆல்பத்தில் ஹில்மன் இந்தப் பாட்டைப் புளூகிராஸ் நடையில் மறுபடி பாடினார். செப்டம்பரில் ஆல்பம் வந்தது, அக்டோபர் 2 அன்று பெட்டி இறந்துபோனார். அடுத்த வருடம் "ஸ்வீட்ஹார்ட்" ஐம்பதாம் ஆண்டுக்காக மக்வினும் ஹில்மனும் மார்ட்டி ஸ்டூவர்ட் குழுவோடு ஊர் ஊராகப் போய் அதே பாடல்களை வாசித்தார்கள்.

கேட்டுப் பார்க்க விரும்பினால் பார்சன்ஸில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் 1967-இன் "டைம் பிட்வீன்", உடனே டெசர்ட் ரோஸ் பேண்ட் 1987-இல் தங்கள் முதல் ஆல்பத்தில் மறுபடி பதிவு செய்த அதே பாட்டு. முதல் பதிவில் பேஸ் வாசிப்பவர் ஹில்மன், இரண்டாவதில் பிரைசன். உங்களிடம் பேஸ் இருந்தால் இரண்டோடும் சேர்ந்து வாசியுங்கள், கிடார் மட்டும் இருந்தால் கீழ் நான்கு கம்பி போதும், அவை பேஸின் அதே ஈ, ஏ, டி, ஜி. அதற்குப் பிறகு "சின் சிட்டி"யை எடுத்து, பார்சன்ஸின் குரலை விட்டுவிட்டு ஹில்மனின் குரலை மட்டும் கடைசி வரை பின்தொடர்ந்து கேளுங்கள்.